ராமகிருஷ்ணபூரில் எழாத லேப்டாப்

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியம் உங்கள் வாயில் தானாக வந்து உட்கார்ந்துவிடும்: "என்கிட்ட நல்லாத்தானே ஓடுது!" பழுது என்று யாரோ கொண்டுவந்து வைத்ததை ஏ.சி. அறையில் நாலு தட்டு தட்டிவிட்டு, கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்த்தபடி சொல்கிற வாக்கியம். வேலையில் இருந்த காலம் முழுக்க அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்று போர்ட் பிளேர் லம்பா லைன் வீட்டில் சும்மா இருக்கும் இப்போதும் வருகிறது. போன வாரம் என் மிக்ஸியைப் பார்த்துவிட்டு ரிப்பேர் கடைக்காரர் அதையே சொன்னார். பாவம், அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை.

உங்கள் தலைவர் என்னை "நாலு வார்த்தை பேசுங்க மேடம்" என்று கூப்பிட்டிருக்கிறார். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஒரே ஒரு கதை சொல்கிறேன். நாம் ஜெயித்த கதை. தோற்ற கதைகளை என் எதிரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அப்போது எங்கள் அலுவலகம் அந்தமான் தீவுகளில் வீடு வீடாகச் சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தது. லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் அந்த வேலையைப் பார்த்தவள் சாந்தி. நிக்கோபார் பக்கம் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த இலங்கைத் தமிழ்க் குடும்பம். அவளுடைய அப்பா பிற்பாடு லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். சாந்தியின் வேலை கான்ட்ராக்ட் வேலை. ஆண்டுதோறும் கமிட்டி உட்கார்ந்து நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் அந்த வீடு ஓடியது.

அவளுக்கு ஒரு லேப்டாப், இணையத்துக்குச் செருகிக்கொள்ள ஒரு டாங்கிள் கொடுத்திருந்தோம். கணக்கெடுப்பு மென்பொருள் ஒரு மகா முரட்டு ஜென்மம். ஒரு கிராமத்தில் எல்லா வீடும் முடிந்தால்தான் மொத்தமாகச் சேமிக்கும், பாதியில் சேமிக்க வழியே கிடையாது. அதை எழுதியவர்களுக்கு நான் செய்த அர்ச்சனை தனிக் கதை. ஆகவே ஒரு கிராமம் முடியும்வரை லேப்டாப்பை அணைக்கக் கூடாது, ஹைபர்நேட் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான்: நினைவகத்தில் உள்ள எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு இயந்திரம் முழுதாகத் தூங்கிவிடும். பாட்டரி போகாது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத தீவுகளில் அதுதான் எங்களுக்கு உயிர்.

சாந்தியிடம் அது தூங்கியது. சில சமயம் எழவில்லை. திரை கறுப்பாகவே நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால், புதிதாகப் பிறந்த குழந்தைபோல ஒன்றும் தெரியாமல் எழும். அதுவரை எடுத்த வீடுகள் அத்தனையும் போச்சு. போர்ட் பிளேருக்குப் போன் செய்தாள். "போய்த் திரும்ப எடும்மா" என்றார்கள். எடுத்தாள். மறுபடி போச்சு.

லேப்டாப் கப்பலில் ஏறி என் மேசைக்கு வந்தது. நான் ஹைபர்நேட் செய்தேன், எழுப்பினேன், மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து எழுப்பினேன், வீட்டுக்குப் போய்வந்து மறுநாள் எழுப்பினேன். ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பினோம். ஹட் பே போனதும் அது மறுபடி கறுத்தது.

இதற்குள் எங்கள் துணை இயக்குநர் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார். மெயின்லேண்டிலிருந்து டெபுடேஷனில் வந்தவர், திருச்சிப் பக்கம். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். கூர்மையான ஆள். ஹட் பே பஜார்ப் பகுதியின் கணக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. ராமகிருஷ்ணபூர் மாதிரித் தூரக் கிராமங்களின் கணக்கு மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் தொலைகிறது.

"மேடம், மெஷினுக்குப் பஜார் எது, கிராமம் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். "அந்தப் பொண்ணு ராமகிருஷ்ணபூருக்குப் போகவே இல்ல. வீட்டுல இருந்துக்கிட்டு மெஷின் மேல பழியைப் போடுது."

 நியாயமாகத்தானே கேட்கிறார்!

"கமிட்டி கூடுது. மெஷின்ல குறை இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

என் கையெழுத்து போனால் சாந்தியின் வேலை போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கையில் சோதனை முடிவுகள் இருந்தன. எல்லாம் பாஸ். போடாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் அக்கா முறை வைத்துப் போனில் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் குரல் ஒன்றுதான். "சச்சி, சத்தியமா சொல்றேன் தீதி, நான் போனேன். என் கால் போச்சு நடந்து நடந்து. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க" என்று அவள் சொன்ன தினுசில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு கமிட்டியில் என்ன செய்ய முடியும்?

"சார், என் மேசையில குறை இல்லைன்னு வேணா எழுதித் தரேன். ராமகிருஷ்ணபூர்ல குறை இல்லைன்னு எழுதணும்னா நான் ராமகிருஷ்ணபூர் போகணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஷிப்புல போயி, ஒரு லேப்டாப்பைத் திறந்து பாக்கவா?"

"ஆமா சார். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க."

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், "இந்தக் கடல்லயா? உனக்கு என்ன கிறுக்கா?" என்றார். கடல் அப்படித்தான் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஹட் பே போய்ச் சேரும்வரை நான் வயிற்றில் ஒன்றையும் தங்கவிடவில்லை. யா அல்லாஹ், ஒரு கறுப்புத் திரைக்காக இந்தப் பாடா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை சாந்தியின் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். "நான் ஒருத்தி இங்க இல்லைன்னு நெனச்சுக்கோ. தினமும் என்ன செய்வியோ அதைச் செய்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பழுதைப் பார்க்கப் போனால் இயந்திரத்தைப் பார்க்காதீர்கள், அதை வைத்திருக்கும் கையைப் பாருங்கள்.

அவள் டாங்கிளைச் செருகி, வந்திருந்த செய்திகளைப் பார்த்தாள். ஹைபர்நேட் கொடுத்தாள். விளக்கு அணைந்ததும் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தாள். பஸ் ஏறினோம். ராமகிருஷ்ணபூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீட்டு வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள்.

கறுப்பு.

சாந்தியின் முகம் செத்துப்போயிற்று. "பாருங்க தீதி, பாருங்க! இதுதான். நான் பொய் சொல்லல" என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். அந்த வீட்டம்மா தேநீரும் கையுமாக வெளியே வந்து, யார் இந்தக் கிறுக்கி என்பதுபோல என்னைப் பார்த்தாள். என்னிடம் வந்தபோதெல்லாம் நல்ல பிள்ளையாக நடித்த அந்தத் திருட்டு லேப்டாப் முதல் தடவையாக என் கண்ணெதிரே மாட்டிக்கொண்டது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் காரணம்? பஸ்ஸில் குலுங்கியதா, வெயிலா, பாட்டரியா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. "சரி, மறுபடி முதல்லேர்ந்து போடு. டாங்கிளையும் மாட்டு, கொஞ்சமாவது சிக்னல் வருதான்னு பாப்போம்" என்றேன். சாந்தி பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். அதற்குள் கையை விட்டு டாங்கிளை எடுத்துச் செருகினாள். கீபோர்டின் மேல் ஓர் அரிசி விழுந்தது.

"இதென்ன?"

"அரிசி தீதி. கடல் காத்துல துரு பிடிச்சிடுதில்ல? அதான் வேலை முடிஞ்சதும் பிடுங்கித் துடைச்சு அரிசிக்குள்ள போட்டு வைப்பேன். இங்க சிக்னல் இல்ல, அதனால எடுக்கவே மாட்டேன். பஜார்ல மட்டும் மாட்டிட்டுத் தெறப்பேன்."

இந்தத் தீவில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? என் வீட்டில் டார்ச் பாட்டரி, காமிரா கார்டு எல்லாம் அரிசி டப்பாவுக்குள்தான் கிடக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. ஆனால் என் அலுவலகம் ஏ.சி. அறை. அங்கே டாங்கிள் லேப்டாப்பின் காதில் தோடு மாதிரி எப்போதும் மாட்டியபடியே கிடக்கும். நான் எத்தனை தடவை எழுப்பிப் பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட அதைப் பிடுங்கியதில்லை.

"சாந்தி, டாங்கிளோட தூங்க வை. பிடுங்கு. இப்ப எழுப்பு."

கறுப்பு.

"அணைச்சுப் போட்டு, டாங்கிளோட மறுபடி தூங்க வை. பிடுங்கு. மறுபடி செருகிட்டு எழுப்பு."

எழுந்தது! மாற்றி மாற்றிச் செய்தோம். டாங்கிளோடு தூங்கி டாங்கிள் இல்லாமல் எழுப்பினால் ஒவ்வொரு தடவையும் கறுப்பு. இருந்தால் ஒவ்வொரு தடவையும் எழுந்தது. பஜார் தெரிந்திருக்கிறது, ஐயா, மெஷினுக்குப் பஜாரும் கிராமமும் தெரிந்திருக்கிறது!

வீட்டம்மா, "கராப் ஹோ கயா க்யா?" என்று கவலையாகக் கேட்டாள்.

"நஹீ தீதி, மில் கயா! கெட்டுப்போகல, கெடைச்சிடுச்சு!" என்று அந்தம்மாவையே கட்டிக்கொண்டேன். தேநீர் என் புடவையில் கொட்டியது.

சாந்திக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. "அப்போ நான் டாங்கிளப் பிடுங்கினதுதான் தப்பா?" என்றாள்.

நல்ல கேள்வி. அதை அப்படியே விட்டிருந்தால் கமிட்டியும் அதைத்தான் கேட்டிருக்கும். அந்த லேப்டாப்பில் கொஞ்ச நாள் முன்பு அப்டேட்டில் புதுக் கர்னல் வந்திருந்தது. கர்னல் என்றால் இயங்குதளத்தின் அடிவயிறு, எல்லாச் சாதனங்களையும் மேய்ப்பது அதுதான். பழைய கர்னலும் உள்ளே தங்கியிருந்தது. அதில் போட்டுப் பார்த்தேன். டாங்கிளைப் பிடுங்கினாலும் எழுந்தது. புதிதில் எழவில்லை. தூங்கப்போகும்போது இருந்த டாங்கிளை எழுந்ததும் கூப்பிடுகிறது. பதில் வரவில்லை. பதில் வரும்வரை வேறு யாரையும் எழுப்ப மாட்டேன் என்று அங்கேயே நிற்கிறது. என் வீட்டுக்காரர் மதியத் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறக்காமலே "டீ!" என்று குரல் கொடுப்பார். நான் ஆபீஸில் இருப்பேன். பதில் வரவில்லையே, ஆள் இல்லை போலிருக்கிறது என்று எழுந்து போக வேண்டாமா? படுத்தபடியே காத்திருப்பார். அதேதான்.

"தப்பு உன் கையில இல்லடி, கர்னல்ல. பொட்டியக் கட்டு, நீயும் என்கூட வர்ற" என்றேன்.

வந்து கப்பல் ஏறும் ஜெட்டியில் நின்றால் கடல் ரஃப், கப்பல் ரத்து. துணை இயக்குநருக்குப் போன் செய்தேன். "கமிட்டி வெயிட் பண்ணாது மேடம்" என்றார். அடுத்த கப்பல் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. ஆட்டோ பிடித்து நேரே கூட்ட அறைக்குள் நுழைந்தோம். இருவர் மேலும் கப்பல் வாடை.

துணை இயக்குநர் தன் லேப்டாப்பில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எங்கள் அலுவலகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தது. அதே லேப்டாப், அதே கர்னல், அதே டாங்கிள். ஆஹா! சாந்தியின் லேப்டாப்பை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"சார், உங்க லேப்டாப்பை ஒரு ஹைபர்நேட் பண்ணுங்களேன்."

"எதுக்கு?"

"ராமகிருஷ்ணபூர் ரிப்போர்ட் கேட்டீங்களே. சேவ் பண்ணிட்டீங்களா சார்?"

"ஹைபர்நேட்தானே மேடம், எல்லாம் அப்படியே இருக்கும்னு உங்க செக்‌ஷன்தானே ட்ரெயினிங் குடுத்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே அவர் கொடுத்தார். நான் கேட்டேன், அவர் சொன்னார். அங்கே இருந்த எல்லோரும் சாட்சி.

விளக்கு அணைந்தது. "சாந்தி, தினமும் செய்றதைச் செய்" என்றேன். அவள் போய் டாங்கிளைப் பிடுங்கி, துப்பட்டாவில் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். பழக்கம் விடுமா? "இப்ப பட்டனை அழுத்துங்க சார்."

அழுத்தினார். கறுப்பு. கொஞ்சம் காத்திருந்தார். கறுப்பு. கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்த மலையாளி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணை இயக்குநர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டார். லேப்டாப் புத்தம் புதிதாக எழுந்தது. தட்டச்சு செய்தது ஒன்றும் இல்லை.

"அதுல என்ன சார் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சாந்தியைப் பார்த்தார், டாங்கிளைப் பார்த்தார். "இவங்க கான்ட்ராக்டை நிறுத்தச் சொல்லி நோட்" என்றார்.

சாந்தி தலையை நிமிர்த்தாமல், "போய்த் திரும்ப எடுக்கணும் சார். எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

அறையே அதிர்ந்தது. மலையாளி அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் அடக்கவில்லை, எதற்கு அடக்க வேண்டும்?

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சிரிப்பு ஓய்ந்ததும், "பிடுங்காம இருந்தா சரியா இருக்கும்ல?" என்று கேட்டார். பழைய கர்னலில் போட்டுக் காட்டினேன், எழுந்தது. "பிடுங்கினாலும் எழணும் சார். அப்டேட்டுக்கு முன்னால வரைக்கும் எழுந்திருக்கு" என்றேன். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "உக்காருங்க சாந்தி. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நீட்டிப்பு நோட்டை அங்கேயே தட்டச்சு செய்தார், ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை சேவ் பண்ணிக்கொண்டு.

எல்லா லேப்டாப்பையும் பழைய கர்னலுக்கு மாற்றினோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உலகத்தில் எத்தனை சாந்திகள் எத்தனை கறுப்புத் திரைக்கு முன்னால் "நான் பொய் சொல்லல" என்று அழுதுகொண்டிருப்பார்களோ! அந்தக் கர்னலை உலகம் முழுக்க இருந்து பராமரிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். யாரோ ஒருவர், முகம் தெரியாது, ஊர் தெரியாது, இரண்டே வரியில் பதில் போட்டார்: இந்தத் திருத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பார்த்தேன். லேப்டாப் எழுந்தது, ஆனால் டாங்கிளை மறுபடி செருகினால் கண்டுகொள்ளவில்லை. சொன்னேன். இன்னொன்று அனுப்பினார். அதை ஹட் பேக்கு அனுப்பினேன். சாந்தி ராமகிருஷ்ணபூர் போய், அதே வாசலில் உட்கார்ந்து சோதித்துவிட்டுப் போன் செய்தாள். "எழுந்திடுச்சு தீதி! பிடுங்கினேன், எழுந்திடுச்சு! செருகினேன், அதுவும் வேலை செய்யுது!" பின்னால் அந்த வீட்டம்மாவின் குரலும் கேட்டது.

திருத்தத்தைச் சேர்க்கும் முன் அந்த முகம் தெரியாதவர் ஒன்று கேட்டார். யார் கண்டுபிடித்துச் சொன்னது என்று பெயர் போடுவது அங்கே வழக்கம், யார் பெயரைப் போட? பணியில் எனக்கு வந்த கேள்விகளிலேயே யோசிக்காமல் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான். சாந்தியின் பெயரை எழுதி அனுப்பினேன்.

திருத்தம் வெளியான அன்று அதோடு சேர்ந்த குறிப்பைப் போனில் அவளுக்குத் தமிழில் சொன்னேன்: லிட்டில் அந்தமானில், சிக்னல் இல்லாத ராமகிருஷ்ணபூர் கிராமத்தில், டாங்கிளை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தபோது இந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்துச் சொன்னவர் சாந்தி.

முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஊர் பேரு இருக்கிற எடத்த இன்னொரு தடவ படிங்க தீதி" என்றாள்.

படித்தேன்.

"அப்போ நான் அங்க போனேன்னு அதுல இருக்கு."

"இருக்கு."

"யாரும் அழிக்க முடியாதே?"

"எங்க சார் நெனச்சாலும் முடியாது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். நான் கிளம்புகிறேன், மிக்ஸிக்காரர் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் போனதும் உங்கள் முன்னால் இருக்கிற லேப்டாப்பை டாங்கிளோடு ஹைபர்நேட் செய்யுங்கள். விளக்கு அணைந்ததும் டாங்கிளைப் பிடுங்குங்கள். பட்டனை அழுத்துங்கள். எழும். அது சாந்தி எழுப்பியது.